பூங்காப் புறப்பாட்டில் மூட்டையியல்: தாமிரபரணிக் கரைக் குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

திருநெல்வேலிச் சீமை ஆராயப்படாத சீமை அல்ல. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் பெர்லினிலிருந்து வந்து ஆதிச்சநல்லூர்ப் பரம்பைத் தோண்டிப் பார்த்துவிட்டுப் போனார். 1881-இல் கால்டுவெல் ஐயர் இந்த மாவட்டத்துக்கு முழு வரலாறு ஒன்றை எழுதி அச்சிட்டார். 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே இயங்கி வருகிறது. இவ்வளவு இருந்தும், மே மாத விடுமுறையில் ஒரு நெல்லைக் குடும்பம் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் புறப்படும்போது வீட்டு நடையில் வந்து சேரும் மூட்டைகளைப் பற்றி அறிஞர் யாரும் வாய் திறக்கவில்லை. தொல்காப்பியர் பொருளுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். எந்தப் பொருளை எந்தப் பையில் வைப்பது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கருதுகோள் இது: நெல்லைக் குடும்பம் எந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனாலும், மூட்டை கட்டுவது குற்றாலத்துக்குத்தான்.

இதை நிறுவக் கையாண்ட முறைகள் மூன்று. திண்ணையில் உட்கார்ந்து பார்த்தல். வேனில் ஏற்றும்போது கூட நின்று கணக்கெடுத்தல். “சும்மா பாத்துக்கிட்டே நிக்கியளே, இதையாவது பிடிங்க” என்ற கட்டளை வந்தபின் ஆய்வாளர் நிலையைத் துறந்து கூலியாள் நிலையை அடைதல். மூன்றாவது முறையில்தான் தரவுகளின் உண்மையான எடை தெரிய வருகிறது.

2. முன்னோர் வழக்கு

மூட்டை கட்டும் பழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு பழையது என்பதற்குத் தாழிகளே சான்று. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் ஆதிச்சநல்லூரில் நடத்திய அகழாய்வில், முதுமக்கள் தாழிகளோடு மண்பாண்டங்கள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், நெல் உமி, பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் எல்லாம் கிடைத்தன. சற்றுத் தள்ளிச் சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டதை 2021-இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது.

தொல்லியலார் இவற்றை ஈமப் பொருள்கள் என்பர். மூட்டையியலார் பார்வை வேறு. திரும்பி வரும் உத்தேசமே இல்லாத பயணத்துக்குச் சோற்றுக்கு நெல், பொங்கச் சட்டி, வழியில் ஒரு காரியத்துக்கு ஆகுமே என்று இரும்பு, போகிற இடத்தில் ஒரு விசேஷம் வந்தால் போட்டுக்கொள்ள நகை என்று கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் வழிவந்த ஒரு குடும்பம், திங்கட்கிழமை காலையில் ஊர் திரும்பப் போகிற பயணத்துக்கு இரண்டு பை கூடுதலாக எடுத்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

அடுத்த சான்று ஆண்டுதோறும் கண்ணால் காணக் கிடைப்பது. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கிப் பொங்கிச் சாப்பிடும். அரிசி, பருப்பு, அண்டா, அகப்பை, பாய், தலையணை, கைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டச் சேலை என்று ஒரு வீடே வண்டியில் ஏறும். கோயில் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. பாலித்தீன் பை அங்கேயே நின்றுவிடும். சோற்றுப் பானை தடையில்லாமல் மேலே போகும். இந்தச் சாவடியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் இயலில் இன்னொரு வாசலோடு இதை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

மூன்றாவதும் முதன்மையானதுமான சான்று குற்றாலம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது குற்றாலம் நிர்வாகத்தில் திருநெல்வேலியை விட்டுப் பிரிந்தது. மூட்டையில் இன்னும் பிரியவில்லை. பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று ஒரே நாளில் நான்கு இடங்களில் நனைகிறவர்களுக்குத் துணிக் கணக்கு எளிது: தலைக்கு, நனையும் அருவிகளின் எண்ணிக்கையோடு ஒன்று. அந்த ஒன்று, சாரல் நிற்காமல் ஈரம் காயாவிட்டால் ஊருக்கு உடுத்தி வர. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்த பின்னும் நல்லெண்ணெய்ப் புட்டி பைக்குள் தன் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. தீர்ப்பை மீறும் எண்ணம் யாருக்கும் கிடையாது. பரம்பரையாக எண்ணெய் இருந்த மூலையில் வேறு எதை வைப்பது என்று தெரியாததே காரணம்.

3. பூங்காவின் வருகை

உலகில் இத்துறையின் பெரிய வாசல் 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் என்ற பெயரில் திறந்தது. இந்தியாவுக்கு அது 1984-இல் தில்லியில் அப்பு கர் ஆக வந்தது. அதே ஆண்டில் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற முப்பரிமாணப் படத்தைத் தந்த நவோதயா அப்பச்சன், 1995-இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தாவைத் திறந்தார். 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் வந்தது. இன்று அதன் பெயர் வொண்டர்லா. கன்னியாகுமரியில் பேவாட்சும் மதுரைப் பரவையில் அதிசயமும் காலையில் போய் இரவில் திரும்புகிறவர்களுக்கு உள்ளன. கொச்சிப் பயணமோ இரவைக் கேட்பது. ஆகவே மூட்டையியலுக்கு அதுவே வளமான களம்.

வேன் பிடிக்காதவர்கள் அங்கே போக, நெல்லையிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் ரயிலின் பெயர் பாலருவி எக்ஸ்பிரஸ். அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை வழியாக மலை ஏறி, ஆரியங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அருவியின் பெயரைத் தாங்கிச் செல்லும் வண்டி அது. செயற்கை அருவிக்குப் போகிறவர்கள் இயற்கை அருவியின் பெயரில் ஏறுகிறார்கள் என்பது நம் கருதுகோளுக்குத் தெற்கு ரயில்வே தானாக முன்வந்து அளித்த ஆதரவு.

பூங்காவைப் பற்றிய மூத்தோர் மதிப்பீடு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். செயற்கை மழையையும் அலைக்குளத்தையும் கைப்பேசியில் பார்த்த ஆச்சி ஒருத்தி கேட்டது: “மோட்டார் போட்டு ஊத்துத தண்ணிக்கா இம்புட்டு ரூவா?” இக்கேள்விக்கு வேனில் இருந்த ஒன்பது பேரிடமும் விடையில்லை.

4. மூட்டையின் முதல், கரு, உரி

அகத்திணையைப் போலவே மூட்டைக்கும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றும் உண்டு.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம் வீட்டு நடை, அதன்பின் வேனின் பின்பக்கம். பொழுது, புறப்பாட்டுக்கு முந்தின இரவு. அதிலும் சிறப்பாக, எல்லாரும் படுத்த பிறகு ஒருத்தி மட்டும் விழித்திருக்கும் வேளை.

கருப்பொருளுக்கு இலக்கணம் வகுக்க முன்னோர் நூற்பா இல்லாததால் இக்கட்டுரையாளனே ஒன்று இயற்ற வேண்டியதாயிற்று.

“எடுத்தவை, எடாதவை, எடுத்தும் மறந்தவை,
கெடக்கட்டும் என்றே கிடப்பவை என்றாங்கு
நால்வகைத் தாகும் மூட்டையின் கருவே.”

இதற்கு உரை வருமாறு. எடுத்தவை: மாற்றுத் துணி, துண்டு, சீப்பு, ஆதார் அட்டை, மாத்திரை, டிக்கெட். இவற்றில் சிக்கல் இல்லை. ஆகவே ஆய்வும் இல்லை. எடாதவை: பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் நினைவுக்கு வருபவை. இவற்றை நினைவுபடுத்துகிறவர் மூட்டை கட்டும்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவராகவே இருப்பார். எடுத்தும் மறந்தவை: மறக்கக் கூடாது என்று தனியாகக் கண்ணில் படும்படி எடுத்து வைத்ததால் மறந்துபோனவை. தூக்குப்போணியின் மூடி, கண்ணாடிக் கூடு, சுவரில் சொருகியபடி நிற்கும் சார்ஜர் ஆகியவை இவ்வகை. ஒரு பொருளுக்குத் தரும் தனிக் கவனமே அது வீட்டில் தங்கிவிடக் காரணமாகிறது என்பது இவ்வாய்வின் இடைக்கால முடிவு.

நான்காவது வகைதான் ஆய்வாளர் தங்க வேண்டிய இடம். கொடிக்கயிறு, ஊக்கு, தீப்பெட்டி, பழைய தினத்தந்தி, காலிக் கவர்கள், எலுமிச்சம்பழம், ஓமத்திரவம், தைலம், திருநீற்றுப் பொட்டலம், ஜமக்காளம். ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது “ஒரு ஓரமா கெடக்கட்டும்” என்ற ஒரே சான்றிதழோடு போகிறது. மேல்நாட்டுப் பயணக் கையேடுகள் இவ்வகையை அடியோடு வெட்டச் சொல்லும். அவற்றை எழுதியவர்கள் எட்டுப் பேரின் நனைந்த துணியோடு கொடிகட்ட ஆணியில்லாத லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததில்லை. சன்னல் கம்பிக்கும் மின்விசிறிக் கொக்கிக்கும் இடையே கயிறு ஏறும்போது, அதை எள்ளியவரே முதல் ஆளாகத் தம் சாரத்தைக் காயப்போட வருகிறார். ஆரியங்காவுக் கொண்டைஊசி வளைவில் எலுமிச்சம்பழம் யாருக்குத் தேவைப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. யாருக்காவது தேவைப்படும் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

உரிப்பொருள் ஊடல். அதன் பாடம் பெரும்பாலான வீடுகளில் இவ்வாறு அமைகிறது:

“நாம என்ன குடி பெயர்ந்தா போறோம்? ஒரு நாளைக்கு எதுக்கு இவ்வளவு?”

“நீங்க ஒரு சட்டைய மாட்டிக்கிட்டு ஏறிருவிய. பிள்ளைக்கு வயித்த வலிச்சா ஓமத்திரவத்த ஒங்க சட்டப்பையிலயா வச்சிருக்கிய?”

இதற்குப் பின் தலைவன் கூற்று கிடைக்கவில்லை. சுவடி சிதைந்திருக்கலாம்.

5. கட்டுச்சோற்றியல்

மூட்டையின் எடையில் பெரும்பங்கு சோறு. எந்தச் சோறு போகலாம், எது கூடாது என்பதில் நெல்லை அடுப்படிகளுக்கு உள்ள தெளிவு வேதியியல் துறைகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல. புளியோதரை முதலிடம் பெறுவது ருசியால் மட்டுமல்ல. புளியின் அமிலமும் உப்பும் கிருமியை அண்டவிடாமல் தள்ள, நல்லெண்ணெய் சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பிரித்து வைக்கிறது. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆவி போக ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மதியத்துக்குள் வாடை வந்துவிடும். வாழையிலையை அனலில் வாட்டுவது அழகுக்கல்ல. பச்சை இலை மடித்தால் கிழியும். வாட்டிய இலை சொன்னபடி வளையும்.

இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரு பக்கமும் தடவ வேண்டும். தேங்காய்ச் சட்னி செங்கோட்டைக்கு அப்பால் உயிரோடு போய்ச் சேர்வதில்லை என்பதால் அதற்குப் பயண அனுமதி கிடையாது. தயிர்ச்சோற்றின் நுட்பம் எல்லாவற்றையும் விஞ்சுவது. அதில் தயிரை ஊற்றுவதில்லை. பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிரை மட்டும் விடுவார்கள். பயணம் நடக்க நடக்க அது உறையும். மதியம் இலையை விரிக்கும்போது புளிக்காத தயிர்ச்சோறு தயாராக இருக்கும். பயண நேரத்தையே சமையல் நேரமாக்கும் இந்த உத்திக்கு இணையானது மேல்நாட்டுப் பூங்கா நிர்வாகங்களிடம் இதுவரை இல்லை.

அடுத்தது தண்ணீர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை தாமிரபரணி ஓடுவது ஏறத்தாழ 128 கிலோமீட்டர். நெல்லை வேன்கள் சுமந்து செல்லும் ஆற்றுத் தண்ணீரின் கணக்கையும் சேர்த்தால் அந்த நீளத்தைத் திருத்த வேண்டியிருக்கும். அல்வாவுக்கு ருசி தருவதே ஆற்றுத் தண்ணீர்தான் என்று நம்பும் ஊர், வெளியூர்த் தண்ணீரைப் பிள்ளைகள் வயிற்றில் சோதித்துப் பார்க்காது. ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டிப் பயணிக்கு இலவசமாக அனுமதித்த சுமை 40 கிலோ. 20 லிட்டர் கேன் ஒன்று ஏறினால் ஒருவர் பங்கில் பாதி ஆறுதான்.

அல்வா தனி இயல் பெறத் தக்கது. இடம் கருதிச் சுருக்குகிறோம். அது பயணிகளுக்கானதல்ல, கொச்சியில் இருக்கும் உறவுக்காரருக்கு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரதவீதியில் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும் என்பதால், புறப்பாட்டு நாளின் மிகப் பரபரப்பான வேளையில் வீட்டின் பலசாலியான ஆண்மகன் வரிசையில் போய் நிற்பான். மூட்டை கட்டும் நேரத்தில் அவன் வீட்டில் இல்லாததற்கு இதைவிடக் கௌரவமான காரணம் கிடையாது.

6. உடுப்பியல்

நம் கருதுகோள் முதல் அடி வாங்குவது இங்கேதான். நீர் விளையாட்டுகளுக்கு நைலான், லைக்ரா போன்ற துணி வேண்டும். சேலை, வேட்டி, சாரம், பருத்திச் சட்டை கூடாது என்பது பூங்காக்களின் பொது விதி. விதிக்குக் காரணம் உண்டு. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அதன் இழை உதிர்ந்து குளத்து வடிகட்டியை அடைக்கும். தளர்ந்த முந்தானை சறுக்குக் குழாயின் இணைப்பில் மாட்டினால் ஆபத்து. உலோகப் பொத்தான் குழாயின் வழுவழுப்பைக் கீறும்.

காரணம் சரி. ஆனால் வரலாறு சிரிக்கிறது. 1880களில் ஆர்வி கம்பெனியார் பாபநாசத்தில் பஞ்சாலை கட்டியதே தாமிரபரணி தண்ணீர் விசையால் சக்கரம் சுற்றும் என்பதற்காகத்தான். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரால் பருத்தி நூற்ற பள்ளத்தாக்கின் மக்களிடம், பருத்தியோடு தண்ணீரில் இறங்காதே என்கிறது பூங்கா. 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டுபிடித்தபோது அந்த ஆலையூரான விக்கிரமசிங்கபுரத்து ஆச்சிகள் ஒருநாள் அதை உடுத்திக்கொண்டு அலைக்குளத்தில் நிற்பார்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்.

விளைவு, இரட்டைச் சுமை. பூங்காவுக்கென்று கடையில் வாங்கிய நைலான் ஒரு செட். அதை நம்பாமல் குற்றாலக் கணக்குப்படி எடுத்த பருத்தி இன்னொரு செட். கொச்சிப் பூங்காவில் விளையாட்டுகள் ஐம்பதுக்கு மேல். தலைக்கு விளையாட்டின் எண்ணிக்கையோடு ஒன்று என்று துணி எடுத்தால் ரயில்வேயிடம் சரக்குப் பெட்டிதான் கேட்க வேண்டும். இங்கே குற்றாலச் சூத்திரம் உடைகிறது. அதை ஒப்புக்கொள்வதே ஆய்வு நேர்மை. ஆனால் சூத்திரம் உடைந்தது ஆய்வேட்டில் மட்டுமே. பையில் துணி குறைந்ததாகச் சான்றில்லை.

7. பையியல்

சூட்கேஸ் என்பது வீட்டில் யாருக்கோ கல்யாணத்தில் வந்த சீர், மேல்தட்டில் இருக்கும், அதற்குள் பழைய பட்டுச்சேலைகள் இருக்கும். ஆகவே பயணத்துக்கு ஆவதில்லை. தோள்பை இளைஞர்களுக்குரியது, அதில் சார்ஜரும் கூலிங்கிளாஸும் தவிர எதையும் வைக்க விடமாட்டார்கள். பள்ளத்தாக்கின் உண்மையான சுமைக்கலன் கட்டைப்பைதான். 1924-இல் திருநெல்வேலியில் தொடங்கிய ஆர்.எம்.கே.வி. போன்ற ஜவுளிக்கடைகள் பட்டோடு சேர்த்து ஊருக்கு வழங்கிய கொடை அது. மூடியில்லாததே அதன் சிறப்பு. மூடியுள்ள பை நிறைந்ததும் நிறைந்துவிட்டது என்று அறிவித்துவிடும். கட்டைப்பைக்கு அப்படி ஒரு நிலை கிடையாது. கடைசி நிமிடத்தில் ஆச்சி நீட்டும் முறுக்குச் சம்புடத்துக்கும் அதில் இடம் இருக்கும்.

எடையளவைப் பற்றி ஒரு குறிப்பு. ரயிலில் தூங்கும் வசதியில் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50, முதல் வகுப்பு ஏசியில் 70 என்று இலவசச் சுமை கூடிக்கொண்டே போகிறது, பிள்ளைகளுக்குப் பாதி. பணம் கூடக் கூடச் சுமக்கும் உரிமையும் கூடும் என்பது கொள்கை. களத்தில் கண்டது நேர்மாறு: முதல் வகுப்பில் ஏறுகிறவர் கையில் ஒரு மடிக்கணினிப் பை இருக்கிறது, தூங்கும் வசதியில் ஏறும் குடும்பத்தில் பெரியவர் நால்வருக்கான 160 கிலோவை எட்டவிடாமல் தடுப்பது ரயில்வே விதி அல்ல, கைகளின் எண்ணிக்கை. வேனில் அந்த வரம்பும் இல்லை. அங்கே இறுதித் தீர்ப்பு ஓட்டுநருடையது: “அண்ணாச்சி, இதுக்கு மேல ஏத்தினா ஆள எறக்கணும்.” யாரை இறக்கலாம் என்ற கேள்விக்குப் பின்னிருக்கையிலிருந்து உடனே ஒரு பெயர் வந்தது. அவர் மருமகன் என்பதால் ஆய்வு அறத்தைக் கருதி விவரம் தரப்படவில்லை.

8. வாசலியல்

இப்போது பூங்கா வாசல். வெளி உணவு உள்ளே கூடாது. குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு. இங்கே பாபநாசச் சாவடியை நினைவுகூர வேண்டும். காட்டு வாசலில் பாலித்தீன் நிற்கும், சோறு போகும். பூங்கா வாசலில் சோறு நிற்கும், நைலான் போகும். ஒரே மலைத்தொடரின் இரு பக்கங்களில் இரு அரசியல் சாசனங்கள்.

சட்டம் யார் பக்கம்? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரையரங்குகள் பற்றிய வழக்கில், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு; ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டு போகலாம் என்றது. விசாரணையின்போது தலைமை நீதிபதி சந்திரசூட், ஜிலேபி தின்றுவிட்டு ஒருவர் விரலை இருக்கையில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்று கேட்டார். ஜிலேபிக்கே இக்கேள்வி எழுமானால், நெய் வடியும் அல்வாவோடு ராட்டினத்தில் ஏறிய நெல்லைக்காரரை நீதிமன்றம் எப்படி நோக்கும் என்பதை எண்ணியும் பார்க்க இயலவில்லை. எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. மூன்றாம் இயலில் கண்ட கலிபோர்னியா டிஸ்னிலேண்டில், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் போன்ற சில தவிர, வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டு போகலாம். சோற்றைத் தடுக்காமலும் பூங்கா நடத்த முடியும் என்பதற்கு அந்த வாசலே சான்று.

ஆனால் தடையால் கட்டுச்சோறு தோற்றுவிட்டதா? களத்தில் கண்டது வேறு. காலைப் பலகாரத்தை வாசலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஜமக்காளம் விரித்து முடித்துக்கொண்டு, டிக்கெட் வரிசையில் நிற்கப் போகிறது குடும்பம். மாலையில் நனைந்து, பசித்து, கால் வலித்து வெளியே வருகிறவர்களுக்குப் புளியோதரை அங்கேயே காத்திருக்கிறது. பெரிய ராட்டினத்துக்கு 140 செ.மீ. உயரம் வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்ட பையன், ஒரு ராட்டினமும் வேண்டாம் என்று மூட்டைக்குக் காவல் இருந்த தாத்தா, கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தேடியே பாதி நாளைக் கழித்த பெரியவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்காரும் முதல் இடம் அந்த ஜமக்காளம்தான். பக்கத்து வேன் மதுரைக்காரர் என்றால் வத்தலும் ஊறுகாயும் எல்லை தாண்டும். இந்த இடத்துக்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை; விளம்பரப் பலகையிலும் இதன் படம் இல்லை.

9. மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

இளைய தலைமுறை ஆய்வாளர் கூற்று: “எல்லாத்தையும் போற எடத்துல வாங்கிக்கிடலாம்லா? காச மட்டும் எடுத்தாப் போதும்.” இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆனால் காசு வேலை செய்ய எதிரே கடை திறந்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17 இரவு, பெருமழையில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப் போனதால் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். அவர்களில் பலர் பையிலும் பணம் இருந்திருக்கும், வாங்க இடமில்லை. ஹெலிகாப்டரில் உணவு வந்து சேர்வதற்கு முன்பே, தங்கள் ஊரே தண்ணீரில் மிதக்கும் நிலையில் பக்கத்துப் புதுக்குடி மக்கள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆற்றின் கரையில் வாழ்கிறவர்கள் வழிக்குச் சோறு கட்டுவதற்கும், கட்டியதை முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதற்கும் காரணம் ஒன்றே. ஒரு கரண்டி அரிசி கூடப் போடுவதைத் தேவையற்றது என்று சொல்ல இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் தகுதியில்லை.

10. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று: கருதுகோள் நிறுவப்பட்டது. குடும்பம் கொச்சிக்கே போனாலும் மூட்டை குற்றாலத்துக்குரியது. பூங்காவுக்குள் அதன் பெரும்பகுதிக்கு வேலையில்லை என்பதும் உண்மை. ஆனால் பயணத்தின் பெரும்பகுதி நடப்பது பூங்காவுக்குள் அல்ல. ரயிலில், வேனில், லாட்ஜில், வாசலுக்கு வெளியே. மூட்டை அந்த நேரங்களுக்காகவே கட்டப்படுகிறது.

இரண்டு: ஒரே மூட்டையாகக் கட்டுவதே குழப்பத்துக்கு வேர். வழிக்கு ஒன்று, வண்டியிலேயே இருக்க ஒன்று, வாசலுக்குள் போக ஒன்று என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். உள்ளே போகும் பையில் நைலான், துண்டு, மருந்து, ஒரு செட் மாற்றுத் துணி, குழந்தை உணவு ஆகியவை போதும்; வாடகை லாக்கரில் கட்டைப்பை அடங்காது. எலுமிச்சம்பழம் அறுக்கும் கத்தியை வண்டியிலேயே விட்டுவிடவும். வாசலில் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது.

மூன்று: பட்டியல் ஒருத்தி தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. தாளில் எழுதி, அடுப்படிக் கதவில் ஒட்டி, எதிரே ஆள் பெயரும் போட வேண்டும். “நான் என்ன எடுக்கணும்னு சொல்லு, எடுக்கேன்” என்பது உதவி ஆகாது. சொல்வதே பாதி வேலை என்பதால், அது மீதிப் பாதிக்கு மட்டுமே விண்ணப்பம்.

நான்கு: எண்ணெய்ப் புட்டியை எடுத்துவிடலாம். மூலை காலியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இப்பரிந்துரை ஏற்கப்படும் என்று இக்கட்டுரையாளன் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து: வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் “எதுக்கு இவ்வளவு?” என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தால், அதை அப்படியே அடக்கிக்கொண்டு முந்தின இரவு ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து கட்டுங்கள். மூட்டை பெரிது என்று குறை சொல்லும் உரிமை அதைக் கட்டியவர்களுக்கு மட்டுமே உண்டு. மற்றவர்களுக்கு உள்ளது தூக்கும் கடமை.